மீன் தீனியில் மீனெண்ணெயும் வித்தெண்ணெயும்

உலகத்தில் வளர்க்கப்படும் மீன், இறால் முதலிய நீர்வாழ் பிராணிகளின் தொகை, கடலிலும் ஆற்றிலும் பிடிக்கப்படுபவற்றின் தொகையை 2022-ஆம் ஆண்டில் முதன்முறையாக விஞ்சியது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் கணக்குப்படி அவ்வாண்டு வளர்ப்பில் கிடைத்தது 9 கோடியே 44 இலட்சம் டன். மீன் வளர்ப்புப் பெருகப் பெருகக் கடலின்மேல் உள்ள பாரம் குறையும் என்று எண்ணியவர்கள் பலர். ஆயினும் வளர்க்கப்படும் மீன்களிற் சில, பிற மீனைத் தின்று வாழும் இயல்புடையவை. அவற்றுக்குத் தீனி செய்யும் பொருட்டுக் கடலிற் சிறு மீன்களைக் கப்பல் கப்பலாய் வாரி, வேகவைத்து, பிழிந்து, எண்ணெயை ஒருபுறமும் தூளை ஒருபுறமும் பிரித்தெடுக்கும் தொழில் பல தேசங்களில் நடைபெறுகிறது. இந்த மீனெண்ணெய்க்குப் பதிலாக வித்துக்களின் எண்ணெயைத் தீனியிற் சேர்க்கலாமா, சேர்க்கலாமெனில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதே முப்பது ஆண்டுகளாக மீன் வளர்ப்போரிடையே நடந்துவரும் விவாதம்.

இவ்விவாதத்தில் இரு கட்சிகள் உண்டு. மீனுக்கு வித்தெண்ணெய் கொடுப்பது பாலில் நீர் கலப்பதை ஒத்தது என்பர் ஒரு சாரார். எண்ணெய் எதுவாயினும் எண்ணெயே. உடலுக்குச் சூடும் பலமும் தருவதற்கு அது போதும் என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்று கடலின் நிலைமையை மறந்தது. பின்னவர் கூற்று மீனின் இயல்பையும் உண்போரின் தேவையையும் மறந்தது. மீனெண்ணெயின் பெரும்பகுதியை நீக்குவது அவசியமும் நியாயமும் ஆகும். அதனை முற்றிலும் நீக்கிவிட்டு, மீன் பழைய மீனே என்று விற்பது நியாயமன்று. எல்லா மீனுக்கும் ஒரே விதி கூறுவதோ இரண்டினும் பெரிய பிழை.

மீனெண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெரு தேசத்தின் கடலில் ஆன்சோவெட்டா என்னும் விரல் நீள மீன் திரள்திரளாய் வாழ்கிறது. ஒரே இனத்தை நம்பி நடைபெறும் மீன்பிடித் தொழில்களில் உலகத்திலேயே பெரியது இதுவே. 100 கிலோ பச்சை மீனைப் பிழிந்தால் ஏறக்குறைய 5 கிலோ எண்ணெயும் 22 கிலோ தூளும் கிடைக்கும். எஞ்சியது பெரும்பாலும் நீர். ஒரு கிலோ எண்ணெய்க்கு 20 கிலோ மீன் என்னும் இக்கணக்கை மனத்திற் கொண்டால் மேற்கூறும் செய்திகள் எளிதில் விளங்கும். 1970-இல் அக்கடலில் 1 கோடியே 20 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட மீன் வாரப்பட்டது. அளவிறந்து பிடித்ததும், எல் நீனோ என்னும் கடல்வெப்ப மாறுதல் 1972-இல் வந்து சேர்ந்ததும் கூடி, 1973-இல் அத்தொகை 20 இலட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிற்று. பின்னர்ச் சட்டதிட்டங்களால் அத்தொழில் ஒருவாறு நிலைபெற்றது. ஆயினும் 2023-இல் மீண்டும் எல் நீனோ தோன்றவே, வட மத்திய பகுதியின் முதற் பருவ மீன்பிடிப்பு அடியோடு நிறுத்தப்பட்டது. அந்த ஒரு பருவம் தவறியதனால் உலகச் சந்தையில் மீனெண்ணெயின் விலை முன்னெப்போதும் காணாத உயரத்திற்கு ஏறியது. உலகம் முழுவதிலும் ஓராண்டில் உண்டாகும் மீனெண்ணெய் 10 முதல் 12 இலட்சம் டன் வரையில்தான். பல ஆண்டுகளாய் அது வளரவில்லை. வித்துக்களிலும் பனையிலும் உண்டாகும் எண்ணெயோ 20 கோடி டன்னுக்கு மேற்பட்டது. ஒன்று வற்றிய ஊற்று; மற்றொன்று பெருகும் ஆறு.

தென்னிந்தியாவுக்கும் இத்தொழில் புதியதன்று. சென்னை ராஜதானியின் மீன் இலாகாவை நிறுவிய சர் பிரெடெரிக் நிக்கல்சன், மலையாளக் கரையில் நெய்ச்சாளை எனப்படும் மத்தி மீனை மணலிற் காயவைத்து எருவுக்கு விற்பதைக் கண்டு, அதனை வேகவைத்துப் பிழிந்து எண்ணெயையும் தூளையும் தனித்தனியே எடுக்கும் முறையைத் தானூர் பரிசோதனை நிலையத்தில் நடத்திக் காட்டினார். அம்முறை கரையோரம் எங்கும் பரவிற்று. அவ்வெண்ணெய் தோல் பதனிடவும், சவுக்காரம் செய்யவும், அச்சவுக்காரம் பயிர்ப்பூச்சிகளின்மேற் கரைத்துத் தெளிக்கவும் பயன்பட்டது. தூள் தோட்டங்களுக்கு எருவாயிற்று. ஆனால் மத்தி மீனின் வரவு நிலையற்றது என்பதையும் அக்கரையோர் அறிவர். 2012-இல் கேரளத்தில் ஏறக்குறைய 4 இலட்சம் டன் மத்தி கரைசேர்ந்தது. 2021-இல் கரைசேர்ந்தது 3,297 டன் மாத்திரமே என்று மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. இத்தகைய வரவை நம்பி ஒரு பெருந்தொழிலை நிறுத்துவது, ஒரே மழையை நம்பி மூன்று போகத்துக்கு விதை வாங்குவதை ஒக்கும்.

வித்தெண்ணெயை மிக விரிவாகக் கையாண்டு பார்த்த தேசம் நார்வே. அங்கே கடற்கூண்டுகளில் சால்மன் என்னும் மீன் பெருவாரியாக வளர்க்கப்படுகிறது. 1990-இல் அம்மீனின் தீனியில் நூற்றுக்கு 90 பங்கு கடலிலிருந்து வந்த சரக்காய் இருந்தது. 2013-இல் அது சுமார் 30 பங்காகக் குறைந்தது. 2020-இல் 22 பங்கு அளவிலேயே நின்றது. அதில் மீனெண்ணெய் ஏறக்குறைய 10 பங்கு, வித்தெண்ணெயோ 20 பங்கு. மாமிசம் உண்ணும் மீன் என்று பெயர்பெற்ற ஒன்று, பெரும்பாலும் நிலத்தில் விளைந்ததைத் தின்று, எடையில் யாதொரு குறைவுமின்றி வளர்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதனைக் கூறியிருந்தால் எவரும் நம்பியிரார்.

அவர்கள் தேர்ந்தெடுத்த எண்ணெய், கடுகின் இனத்தைச் சேர்ந்த ரேப் என்னும் வித்தின் எண்ணெயாகும். தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பனையெண்ணெய் மலிவானதே; ஆனால் குளிர்ந்த கடலில் அது மீனின் குடலில் எளிதிற் செரிப்பதில்லை. சூரியகாந்தி, சோயா முதலியவற்றின் எண்ணெயில் லினோலெயிக் அமிலம் மிகுதி. அது மீனின் சதையில் ஏறிவிட்டாற் பின்னர் எளிதில் நீங்குவதில்லை. ரேப் எண்ணெயில் மிகுதியாயுள்ள ஒலெயிக் அமிலத்தை மீன் எரித்துப் பலமாக்கிக்கொள்கிறது. ஒமேகா-3 வகையைச் சேர்ந்த லினோலெனிக் அமிலமும் அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் உண்டு. பழைய ரேப் வித்திலிருந்த எருசிக் அமிலம் என்னும் விரும்பத்தகாத பொருளை, விதைத் தேர்வினால் கனடா தேசத்தார் நீக்கினர். மானிடோபா சர்வகலாசாலையில் உருவான டவர் என்னும் இனம் 1974-இல் வெளிவந்தது. பயிர் ஆராய்ச்சி செய்த வேலை மீன் வளர்ப்போருக்குப் பயன்பட்டதற்கு இது நல்லதோர் உதாரணம். இந்நாட்டுக் கடுகெண்ணெயில் எருசிக் அமிலம் இன்னும் பாதியளவுக்கு நெருங்கியிருப்பதால், இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறுதல் கூடாது.

இனி, இழந்தது யாது என்பதைப் பார்க்க வேண்டும். பருத்திக்கொட்டை மிகுதியாய்த் தின்னும் எருமையின் நெய் கெட்டிப்பட்டு நிற்பதைக் கறவை வைத்திருப்போர் அறிவர். தின்ற கொழுப்பின் சாயல் ஈன்ற கொழுப்பிலும் தோன்றும். மீனில் இவ்விதி இன்னும் வலுவுடையது. மனிதருக்கு இருதயத்துக்கும் மூளைக்கும் நன்மை செய்வனவென்று போற்றப்படும் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் இரண்டு நீண்ட ஒமேகா-3 அமிலங்களை நிலத்து வித்து எதுவும் இயல்பாய்த் தருவதில்லை. கடலிலுள்ள நுண்பாசிகளே அவற்றை ஆக்குகின்றன. சிறு மீன் பாசியைத் தின்று சேர்த்துவைக்கிறது. பெரு மீன் சிறு மீனைத் தின்று பெறுகிறது. இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு வித்தெண்ணெயை வைத்தால், மீன் கொழுத்திருக்கும். கொழுப்பில் அச்சத்து இராது. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் சர்வகலாசாலையார் 2006 முதல் 2015 வரையில் அந்நாட்டு வளர்ப்புச் சால்மனைச் சோதித்து, அவ்விரு அமிலங்களின் அளவு பாதியாகக் குறைந்துவிட்டதை 2016-இல் வெளியிட்டனர். முன்னர் 130 கிராம் கொண்ட ஒரு துண்டு ஒரு வாரத்துக்கு வேண்டியதைத் தந்தது. 2015-இல் இரு துண்டுகள் வேண்டியிருந்தன. அப்போதும் ஆட்டிறைச்சி, கோழியிறைச்சி முதலியவற்றைக்காட்டிலும் அது மேலானதே. மற்றொரு நன்மையும் மறைக்கத்தக்கதன்று: மீனெண்ணெயோடு வரும் டயாக்சின் முதலிய நச்சுப் பொருள்கள், வித்தெண்ணெய் சேர்ந்த தீனியாற் குறைந்தன.

உண்போருக்கு நேர்ந்த குறைவு ஒருபுறமிருக்க, மீனுக்கே நேரும் குறைவு இன்னும் கவனிக்கத்தக்கது. சால்மனின் தீனியில் அவ்விரு அமிலங்களும் நூற்றுக்கு 1 பங்கு இருந்தாற் போதும் என்று வெகுகாலம் கருதப்பட்டது. அக்கருத்து, நீரும் வெப்பமும் ஒழுங்காயிருக்கும் தொட்டிகளிற் குஞ்சுகளை வளர்த்துக் கண்டது. திறந்த கடலிலோ பேன் நீக்குதல், வெப்பம் ஏறுதல், நோய் என்று மீனுக்குப் பல தொல்லைகள் உண்டு. கடற்கூண்டுகளில் 1 பங்கு முதல் 3.5 பங்கு வரை கொடுத்துப் பார்த்த நார்வே நாட்டுச் சோதனை 2023-இல் வெளியாயிற்று. மிகுந்த அளவு பெற்ற மீன்களே வளர்ச்சியிலும், திடத்திலும், சதையின் தரத்திலும் மேம்பட்டு நின்றன. நிழலில் வைத்த நாற்றுக்குக் கண்ட உர அளவை வெயிலில் நிற்கும் பயிருக்கு விதிக்கலாகாது என்பதைக் குடியானவர் எவரும் கூறுவர். தீனி உற்பத்தி செய்வோர் இதனை அறியாதவர் அல்லர். எண்ணெயின் விலை ஏறும்போது குறைந்த அளவே போதும் என்ற பழைய எண் அவர்களுக்கு வசதியாயிருக்கிறது.

மீனுக்கு மீன் வேறுபாடும் உண்டு. ஆற்று மீன்கள் பல, வித்தில் உள்ள குறுகிய அமிலத்தைப் பெற்றுத் தம் உடலிலேயே நீண்ட அமிலமாக மாற்றிக்கொள்ளும் ஆற்றலுடையவை. கடலில் வேட்டையாடி வாழும் மீன்களுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு; ஆக்கிய பொருளை உண்டு பழகியவை ஆதலின், ஆக்கும் கருவி அவற்றுக்கு வேண்டியிராமற் போயிற்று. இதற்கு விலக்காய் நிற்பது பாக்கு நீரிணைப்பக்கத்து மீனவர் நன்கறிந்த ஓரா மீன். கடற்புல்லையும் பாசியையும் மேயும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு மீனில், டி.எச்.ஏ.யை நேரே ஆக்கவல்ல ஒரு நொதிப்பொருள் இருப்பது 2010-இல் கண்டறியப்பட்டது. முதுகெலும்புள்ள பிராணிகளில் அது முதன்முதலாக அறியப்பட்டது அம்மீனிலேயே. ஓராவை விரும்பி உண்ணும் கரையோரத்தாருக்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். கூண்டில் வளர்ப்பதற்கு மாமிச மீனையே நாடி ஓடும் திட்டக்காரர்கள் இலை தின்னும் இந்த மீனை இன்னும் சற்று நின்று பார்த்தல் தகும்.

கரையோரக் குளங்களில் வளர்க்கப்படும் கொடுவாவோ முழு வேட்டைமீன். சென்னையிலுள்ள உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் இதனைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்தது. அதற்கு வித்தெண்ணெய் மாத்திரம் கொடுத்து வளர்க்க முயலுதல் வீண். மீனெண்ணெயில் ஒரு பகுதியை மாற்றலாம். எஞ்சிய பகுதியை மாற்றலாகாது. தீனி வாங்குவதற்குப் பதிலாகக் கழிவுமீனை வாங்கிப் போடுவோரும் உண்டு. அதனால் நீர் கெடுவதோடு, சிறுமீன் குஞ்சுகளையும் வலை வாரிக்கொண்டு வருவதற்கு ஊக்கம் உண்டாகிறது.

மாற்றுவழிகள் இல்லாமலில்லை. மீன் வளரும் காலமெல்லாம் வித்தெண்ணெய் கொடுத்து, விற்பதற்கு முந்திய சில மாதங்களில் மீனெண்ணெய் சேர்ந்த தீனி கொடுத்தால், சதையில் இழந்த சத்தின் பெரும்பகுதி திரும்புகிறது என்பது சோதனைகளால் தெளிவாயிற்று. அரிதான சரக்கைக் கதிர் முற்றும் காலத்துக்கு வைத்துக்கொள்ளும் இம்முறை சிக்கனமானது. ஆனால் முன்கூறிய கடற்கூண்டுச் சோதனையை நோக்க, நடுக்காலத்தில் மீனை வெறுமையாய் விடுவதும் தகாது. இரண்டாவது வழி, பாசியிலிருந்தே எண்ணெய் எடுப்பது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் பிளேர் என்னும் ஊரில் வெராமாரிஸ் கம்பெனியார் 2019-இல் இதற்கென்று பெரிய தொழிற்சாலை திறந்தனர். அங்கே பாசி வகை வளர்வது சோளச் சர்க்கரையில். மூன்றாவது, வித்திலேயே அச்சத்து உண்டாகும்படி பயிரின் மரபை மாற்றுவது, ஆஸ்திரேலியாவில் டி.எச்.ஏ. தரும் கனோலா 2018-இல் அநுமதி பெற்றது. இவற்றுள் பாசியெண்ணெயே கடலுக்கும் நிலத்துக்கும் குறைந்த பாரமாய்த் தோன்றுகிறது. அதன் விலை இறங்குவதைப் பொறுத்தே மற்றவை.

உள்நாட்டில் ஏரியும் குளமும் உடையவர்களுக்கு இவ்வளவும் எதற்கு என்று தோன்றலாம். அவர்களுக்கு இதில் உள்ள விஷயம் முற்றிலும் எதிர்ப்பக்கத்தைச் சேர்ந்தது. கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இனங்களை வளர்ப்போருக்கு மீனெண்ணெய் வேண்டுவதே இல்லை. சாதாக் கெண்டையில் நடந்த ஆராய்ச்சிப்படி, தீனியில் லினோலெயிக் அமிலம் நூற்றுக்கு 1 பங்கும், லினோலெனிக் அமிலம் அரை முதல் 1 பங்கும் இருந்தாற் போதும். எஞ்சியதை மீன் தானே ஆக்கிக்கொள்ளும். எரு இட்டுப் பசுமையேறிய குளத்துநீரின் நுண்பாசியும் மிதவுயிரும் மேலும் உதவும். ஆகவே, கெண்டைத் தீனி மூட்டையின்மேல் மீனெண்ணெய் சேர்ந்தது என்று அச்சிட்டு அதன்பொருட்டு அதிக விலை கேட்கப்படுமானால், அவ்விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எண்ணெயே வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. இங்கேதான் குடியானவர் கவனக்குறைவாய் நடக்க இடமுண்டு. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சமபாகமாய்க் கலந்து கொடுப்பது நெடுநாள் வழக்கம். எண்ணெய் எடுக்காத தவிட்டில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவிலும், செக்கிலும் எந்திரத்திலும் ஆட்டிய பிண்ணாக்கில் ஆறு முதல் எட்டுப் பங்கு அளவிலும் எண்ணெய் உண்டு. இவ்விரண்டின் கலப்பில் பதினொரு பங்கு எண்ணெயும், அதனுள் மூன்று பங்குக்குக் குறையாமல் லினோலெயிக் அமிலமும் கிடைக்கும். இது தேவைக்கு மேற்பட்டது. ஆனால் இப்போது சந்தையில் மலிவாய்க் கிடைப்பது, கரைப்பானால் எண்ணெய் முழுதும் எடுக்கப்பட்ட தவிடும் பிண்ணாக்கும். அவற்றில் எஞ்சிய எண்ணெய் நூற்றுக்கு ஒரு பங்கே. அதனுள் லினோலெயிக் அமிலம் மூன்றில் ஒன்று. பெயர் அதே தவிடு, அதே பிண்ணாக்கு. உள்ளிருந்த சத்து எண்ணெய் ஆலைக்குப் போய்விட்டது. குளத்து நீர் பசுமையாயிருந்தால் குறை ஓரளவு மறையும். குஞ்சுகளை நெருக்கமாய் விட்டு, கைத்தீனியையே நம்பி வளர்ப்போரிடம் அக்குறை வளர்ச்சியிற் காணப்படும். அவர்கள் பாதியளவாவது எண்ணெய் எடுக்காத தவிட்டைச் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நெல்லைப் புழுக்கி அரைக்கும் வழக்கம் மிகுதி. இது மீன் வளர்ப்போருக்கு ஓர் எதிர்பாராத அநுகூலம். பச்சரிசித் தவிட்டில் உள்ள ஒரு நொதி, அரைத்த சில நாட்களுக்குள் எண்ணெயைப் பிரித்துக் காறலாக்கிவிடும். நெல்லைப் புழுக்கும்போது அந்நொதி அழிந்துவிடுவதால் புழுங்கல் தவிடு அவ்வளவு விரைவிற் கெடுவதில்லை. அதில் எண்ணெயும் பச்சைத் தவிட்டைக்காட்டிலும் மிகுதி. எனினும் மாதக்கணக்கில் அடுக்கிவைத்தாற் காற்றுப்பட்டு அதுவும் காறும். காறிய கொழுப்பு மீனுக்குச் செய்யும் கேட்டுக்கு ஜப்பான் தேசத்துக் கெண்டைப் பண்ணைகளே சாட்சி. அங்கே எண்ணெய் காறிப்போன பட்டுப்புழுக் கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகளின் முதுகுச் சதை கரைந்து, முதுகு கத்தி முனைபோல் ஆயிற்று. செக்கோகே என்று அந்நோய்க்குப் பெயரிட்டனர். வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுத்ததும் நோய் தடைபட்டது.

கூட்டுப்புழுவின்மேல் இதனாற் குறை கூறலாகாது. கெட்டது புழுவன்று, காறல். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் பட்டு நூற்றபின் எஞ்சும் புழு, வித்தெண்ணெய்களிற் பலவற்றில் இல்லாத லினோலெனிக் அமிலத்தை மிகுதியாய் உடையது. உலர்ந்த புழுவில் கால்பங்கு அளவு கொழுப்பு. அக்கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு இவ்வமிலம். தவிடும் பிண்ணாக்கும் கலந்த தீனியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு புதிய புழுத்தூள் சேர்த்தால் கெண்டைக்கு வேண்டிய அளவு ஏறக்குறைய நிறைந்துவிடும். பட்டு நூற்பாலைகளுக்கு அருகிலுள்ள குளத்தார் அதனை உலர்த்திய அவ்வாரத்திலேயே வாங்கிச் செலவிடுவது நலம். நாற்றம் பிடித்தது மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்குதல் வேண்டா. கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்ததையும் அவ்வாறே ஒதுக்க வேண்டும்.

எள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எள்ளில் உள்ள செசாமின் என்னும் பொருளை வித்தெண்ணெய்த் தீனியோடு சேர்த்து ஸ்வீடன் தேசத்தார் டிரவுட் என்னும் மீனுக்குக் கொடுத்தபோது சதையில் டி.எச்.ஏ. உயர்ந்ததாக 2008-இல் வெளியாயிற்று. இதனைக் கேட்டு எள்ளுப் பிண்ணாக்கைக் குளத்திற் கொட்டும் ஆவல் சிலருக்கு எழலாம். பின்னர்க் கொடுவாக் குஞ்சுகளில் நடந்த சோதனையில் அதே பொருள் வளர்ச்சியைக் குறைத்தது. ஒரு மீனிற் கண்ட பலனை மற்றொரு மீனுக்கு ஏற்றிக் கூறுவது எவ்வளவு அபாயம் என்பதற்கு இதுவே போதும்.

தேசத்தின் கணக்கையும் மறத்தல் கூடாது. இந்தியா ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி டன் அளவில் சமையல் எண்ணெயை வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. செலவாவதிற் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருவதே. இந்நிலையில் கடலெண்ணெய்க்குப் பதிலாகக் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் மீனுக்கு ஊற்றுவது, ஒரு வீட்டு அடுப்பை அணைத்து மற்றொரு வீட்டு அடுப்பை மூட்டுவதாகும். ஆட்டிய பிண்ணாக்கிலும் அரைத்த தவிட்டிலும் மனிதர் எடுக்காமல் விட்ட எண்ணெயே கெண்டைக்கு உரியது. எண்ணெய் வித்து விளைவிப்போர் இதிற் புதிய சந்தையைத் தேடுவதாயின், எண்ணெய்க்கன்று, எண்ணெய் எஞ்சிய நல்ல பிண்ணாக்குக்கே விலை பேச வேண்டும். மறுபக்கத்தில், தீனி ஆலைக்குப் போகும் மத்தியும் சாளையும் ஏழைகளின் சட்டியில் வேகத்தக்க மீன், ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் அவற்றிலேயே நிறைந்துள்ளன. அவற்றைப் பிழிந்து, பெரிய மீனுக்கு ஊட்டி, பத்து மடங்கு விலைக்கு விற்பதைப் போஷாக்கு அபிவிருத்தி என்று கூறுவது சொல்லுக்குச் செய்யும் கொடுமை.

தீனி மூட்டைகளின்மேல் கொழுப்பு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே எண் அச்சிடப்படுவது போதாது. அக்கொழுப்பில் கடலெண்ணெய் எவ்வளவு, வித்தெண்ணெய் எவ்வளவு, எந்த வித்து, எந்த மாதத்தில் அரைத்தது என்பவற்றைக் காட்டும்படி விதி செய்தல் வேண்டும். கடல்மீன் வளர்ப்போர் விற்கும் மீனிலும் அவ்விரு அமிலங்களின் அளவைச் சோதித்து வெளியிடலாம்; பாலுக்குக் கொழுப்பளவு பார்த்து விலை கொடுக்கும் நாட்டில் இது புதுமையான யோசனையன்று. ஊராட்சிகள் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விடும் குளங்களில் குத்தகைதாரர் போடும் தீனி எது என்பதைக் கிராம அதிகாரிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கேட்டறிதல் நலம். காறிய தவிடும் கழிவுமீனும் கொட்டப்படும் குளத்தில் நீர் நாறி, மாடு குடிக்க மறுக்கும்போது, முறையீடு முதலிற் சேர்வது அவர்களிடமே. தவிட்டின் காறலை அறிவதற்கு ஆராய்ச்சிசாலை வேண்டுவதில்லை: ஒரு பிடி எடுத்து உள்ளங்கையிற் சூடேறத் தேய்த்து முகர்ந்தால், நல்லது அரிசி மணமும் கெட்டது பழைய எண்ணெய்ச் சாடியின் நாற்றமும் தரும். நுனி நாக்கிலிட்டால் கெட்டது தொண்டையை அரிக்கும். மூட்டையை இறக்குமுன் இதனைச் செய்து பார்ப்பதற்கு விற்பவர் எவரும் தடை கூறார். கூறினால் அம்மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.